நாகலிங்கம் வண்டி மேடேறிய வெள்ளிக்கிழமை

தோஹாவில் அந்த பிக்கப்பைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. நஜ்மா பேட்டை டீக்கடைக்கு வருகிறவன்கூட, "என்ன அம்மையப்பா, கழுதைக்குப் புல்லு வெச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸை வாங்குவான். கேட்கட்டுமே! அவனுக்கு என்ன தெரியும்? பதினோரு வருஷம் அப்பா நாகலிங்கம் ஓட்டிய வண்டி அது. என்ஜின் ஜாமானபோது விசா கொடுத்த முதலாளி கபீல் அபு நாசர், "நீயே வெச்சுக்க" என்று வாய்வார்த்தையாக அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் மாரடைப்பு வந்து அப்பா போய்ச் சேர்ந்தார். மகன் அம்மையப்பனுக்கு மிஞ்சியது ஒரு டிரங்குப் பெட்டியும், கபீலின் யார்டில் மண் மூடிக் கிடந்த இந்த வண்டியும்தான்.

மறு வருஷம் கபீல், யார்டைக் காலி பண்ணப் போகிறேன், எல்லாம் காயலான் கடைக்கு என்று சொன்னதும் அம்மையப்பன் குறுக்கே போய் நின்றான். அவரிடமே மெக்கானிக் வேலை பார்க்கிறவன்தான். இருந்தாலும் அன்றைக்குக் குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. "அது எங்கப்பா வண்டி அர்பாப், தரமாட்டேன்" என்று முதலாளியிடமே அரபியும் இந்தியும் கலந்து சொல்லிவிட்டான்.

கபீல் தாடியைத் தடவினார். மணல்மேட்டில் வண்டி ஏற்றுவது என்றால் அவருக்கு உயிர். "நாலு மாசம் தர்றேன். உம் சயீத் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய மணல்மேட்டுல ஏத்திக் காட்டு, உன் பேருக்கு எழுதித் தர்றேன். ஏறலையா, கலாஸ், முடிஞ்சுது. மறுநாளே காயலான் கடை."

அந்த நாலு மாசமும் அம்மையப்பன் மனுஷனாகவா இருந்தான்? ட்யூட்டி முடிந்தால் யார்டு, வெள்ளிக்கிழமை என்றாலும் யார்டு. விபத்தில் நொறுங்கிய ஒரு அமெரிக்கக் காரிலிருந்து எட்டு சிலிண்டர் என்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்தான். அது உள்ளே உட்காரவில்லை. வண்டியின் முன்பக்கத்தை அறுத்தான். அப்புறமும் பானெட் மூடவில்லை, போய்த் தொலை என்று பானெட்டையே தூக்கி எறிந்தான். வெல்டர் ஜெய்னுலாப்தீன், கீழக்கரைக்காரர், அப்பாவின் ரூம் கூட்டாளி, இரண்டு புகைக்குழாய்களை வளைத்துப் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிவிட்டார். மயில்கழுத்து நீலத்தில் பெயிண்ட். நஜ்மாவுக்குள் அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று டீக்கடை கிளாஸெல்லாம் கிடுகிடுத்தது. கழுதைப் பேச்சு அதோடு நின்றது.

கபீல் குறித்த வெள்ளிக்கிழமை, பார்த்தால் ஆயுத பூஜை! விடிந்ததும் ஸ்பானர், பிளையர், ஜாக்கி, கட்டுக்கம்பி என்று ஒன்று விடாமல் ரூமில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்தான். மறுநாள் பூஜை போட்டு எடுக்கிறவரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. அப்பா ஒரு வருஷம்கூடத் தொட்டதில்லை. வண்டிக்கும் சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு ஜெய்னுலாப்தீனோடு கிளம்பினான். பாலைவனத்துக்கு, கையில் ஒரு ஆணிகூட இல்லாமல்! எந்த மடையனாவது அப்படிப் போவானா? அம்மையப்பன் போனான்.

மேட்டடியில் நல்ல கூட்டம். தீக்குச்சியால் அழுத்தி டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு வண்டியை விட்டான். சீறிக்கொண்டு பாதி மேடு ஏறியது. திடீரென்று என்ஜின் சத்தம் அடங்கிப் போயிற்று. மிதிக்கிறான், மிதிக்கிறான், ஆக்சிலேட்டர் தரையோடு படுத்துக் கிடக்கிறது. வண்டி அப்படியே பின்னால் சறுக்கிக் கீழே வந்து நின்றது.

ஆக்சிலேட்டர் கம்பியைக் கார்பரேட்டரோடு பிடித்திருந்த சின்னக் கொக்கி எங்கோ மணலில் விழுந்திருந்தது. அவனே செய்து அவனே மாட்டிய கொக்கி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு.

கபீல் தன் காரிலிருந்து டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். "பிளையரை எடு, கம்பியை முறுக்கு. யல்லா!"

அம்மையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இன்னிக்கு மாஃபி, முடியாது அர்பாப். யார் கையாலயும் இந்த வண்டி மேல இன்னிக்கு ஆயுதம் படக்கூடாது. அப்பா இருந்தா விடமாட்டார்."

"நாளைக்குக் காயலான் கடைக்காரன் வருவான். தெரியுமில்ல?"

"தெரியும்."

அப்பாவுக்காகப் பிடித்த பிடிவாதத்தில் அப்பாவின் வண்டியே போய்விடும் போலிருந்தது.

ஜெய்னுலாப்தீன் கைலியை மடித்துக் கட்டினார். "ஆயுதம்தானேடா படக்கூடாது? என் கை படலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே முன்பக்க மட்கார்டில் ஏறி, என்ஜின் மேல் கவிழ்ந்து, கார்பரேட்டர் நெம்புகோலை விரலால் பிடித்துக்கொண்டார். "ஸ்டீரிங் நீ, ஆக்சிலேட்டர் நான். எடு மாப்ளே!"

அப்படி ஒரு டிரைவிங்கைக் கத்தாரில் எவனும் பார்த்திருக்கமாட்டான்.

"இழுங்க மாமா!"

"இழுத்துட்டேன்டா!"

"கியர் மாத்துறேன், விடுங்க! இப்ப இழுங்க!"

"சூடு தாங்கலடா பாவி, சீக்கிரம் போ!"

பாதி மேடு தாண்டியது. முக்கால் மேடு. மணல் வாரி முகத்தில் அடிக்க, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உறுமிய வண்டி உச்சியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. கீழே அத்தனை காரும் ஹார்ன் அடித்தது. அம்மையப்பன் ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதான். "அப்பா, உங்க வண்டி ஏறிடுச்சுப்பா!" என்று வாய்விட்டே சொன்னான்.

"என் விரலையும் சேர்த்துச் சொல்லுடா" என்றார் ஜெய்னுலாப்தீன், விரலை ஊதிக்கொண்டே.

கபீல் மூச்சு வாங்க நடந்தே உச்சிக்கு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார், பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். "பேரைச் சொல்லு."

"என். அம்மையப்பன்."

"என்-னா? அது என்ன?"

"அப்பா பேர், அர்பாப். பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

கபீலுக்குக் கோபமே வந்துவிட்டது. "பதினோரு வருஷம் எங்கிட்ட வேலை பார்த்த மனுஷன், ஒரே ஒரு எழுத்தா? எங்க காகிதத்துல அதெல்லாம் மாஃபி. முழுசாச் சொல்லு."

அம்மையப்பன் வண்டியை விட்டு இறங்கி நேராக நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே நின்ற கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"நாகலிங்கம் மகன் அம்மையப்பன்!"

கபீல் வண்டியின் மட்கார்டிலேயே காகிதத்தை வைத்து, ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.