சாப்பிட வாங்கோ

மேடையில் மைக் பிடிக்கிறவர்களை நம்பக் கூடாது. சிரித்த வாயோடு எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். ஜோதிக்கும் அதுதான் தொழில். கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள்.

புத்தூர்க்காரி. கல்யாண ரிசப்ஷன், நகைக்கடைத் திறப்பு விழா, காலேஜ் ஆண்டு விழா, எதுவானாலும் திருச்சியில் இன்றைக்கு முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மைக் செட்காரர், போட்டோகிராபர், பரிமாறுகிற ஆள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளைச் சொல்வது ‘பந்தி ஜோதி’ என்றுதான். ஒன்பது வருஷப் பெயர். வைத்தவர் லக்ஷ்மிகாந்த்.

ஸ்ரீரங்கத்து லக்ஷ்மிகாந்த் அப்போது ஊரிலேயே பெரிய தொகுப்பாளர். பட்டு ஜிப்பா, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். ஜோதி அவரிடம் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தாள். கூப்பிட வேண்டிய பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அவர் குடிக்கிற வெந்நீர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அலைவாள். தில்லை நகரில் ஒரு ரிசப்ஷனில் பெண் வீட்டார், “இந்தப் பொண்ணும் பத்து நிமிஷம் பேசட்டுமே” என்றார்கள். லக்ஷ்மிகாந்த் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஜோதி அப்பாவுக்குப் போன் போட்டு வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். அப்பா பிச்சை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லோடு இறக்குகிறவர். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

ஜோதி இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாவதற்கு மூச்சு இழுத்தபோது பின்னாலிருந்து லக்ஷ்மிகாந்தின் மைக் பேசியது.

“பந்தி தயார். எல்லாம் சுடச்சுட இருக்கு. சாப்பிட வாங்கோ.”

நானூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபட்டால் என்ன சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பிச்சை மட்டும் எழுந்திருக்கவில்லை. மகள் பேசி முடித்த பிறகுதான் போனார். அவருக்கு ரசம்தான் மிச்சமிருந்தது.

“கூட்டம் எழுந்து போறதுன்னா தப்பு பந்தி மேல இல்லைம்மா, உன் குரல்ல இருக்கு,” என்றார் லக்ஷ்மிகாந்த், அத்தனை பேர் முன்னாலும். “பந்தி ஜோதின்னு போர்டு மாட்டிக்கோ. சமையல்காரா கூப்பிடுவா.”

மறுநாளே அவரை விட்டு விலகினாள். ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடை வாசலில் வெயிலில் நின்று கத்தினாள். பெயரைத் தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பமே ஜென்மத்துக்கும் மன்னிக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்டாள். தாய்மாமனை யாருக்கு முன்னால் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். முகம் கேட்கிற மாதிரி நடிக்கும், கால் நடிக்காது. முன்வரிசைக் கால்கள் நாற்காலிக்கடியில் செருப்பைத் துழாவினால் கூட்டம் கையை விட்டுப் போகிறது என்று பொருள். அதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு சிரிப்பை வைப்பாள், கால்கள் அடங்கிவிடும். அப்படித்தான் மேலே வந்தாள். ஏறிய மேடையில் எல்லாம் அந்த ‘வாங்கோ’ காதில் கிடந்தது.

இந்த ஆவணியில் லக்ஷ்மிகாந்தின் முப்பது வருஷ மேடைப் பணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. பாராட்டு விழாக்களின் லட்சணம் தெரிந்ததுதானே. பாராட்டப்படுகிறவரே பாதி ஏற்பாட்டைச் செய்திருப்பார். தொகுத்து வழங்க ஜோதியைக் கேட்டவரும் அவரேதான். மனசு உறுத்தி அல்ல. இன்றைக்கு நம்பர் ஒன்னாக இருக்கிறவள் தன் கையில் வளர்ந்தவள் என்று சபைக்குக் காட்ட வேண்டும்.

“நம்மகிட்ட கத்துண்ட பொண்ணு நீ. நீ நடத்தினா அடியேனுக்குப் பெருமை,” என்றார் போனில். “ஏற்புரைக்கு மட்டும் நேரம் விட்டுடும்மா. மூணு மாசமா எழுதிண்டிருக்கேன்.”

“விட்டுட்டாப் போச்சு சார்,” என்றாள் ஜோதி.

விழா அன்று காலையில் நேராக அடுப்படிக்குப் போனாள். சமையல் பொறுப்பு ராமர். அன்றைக்குத் தில்லை நகரில் சமைத்தவரும் அவர்தான்.

“ராமரண்ணே, நான் மைக்ல சொல்ற வரைக்கும் சாப்பாட்டு ஹால் கதவைத் திறக்காதீங்க. ஆனா ஒரு மணியிலேர்ந்து வடையைப் போட்டுக்கிட்டே இருங்க. மேடைப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கட்டும்.”

ராமர் கரண்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வெங்காயம் போட்டா வாசனை இன்னும் தூக்கும். ஐயர் ஐயங்கார் விசேஷத்துல ஆகாதேன்னு பார்க்குறேன்.”

“பெருங்காயம் போதும்ணே.”

பதினொரு மணிக்கு விழா தொடங்கியது. அப்பாவை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள். விஷயத்தைச் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்றுதான். வாழ்த்துரை சொல்ல வந்த ஒருவரையும் அவள் அவசரப்படுத்தவில்லை. “இன்னும் ஒரு சம்பவம் சொல்லுங்களேன்” என்று ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் நின்று நிதானமாகப் போட்டோ. மணி ஒன்றே முக்கால். வடை வாசனை மண்டபம் முழுக்க நின்றது. முன்வரிசைக் கால்கள் செருப்பைத் துழாவின. ஜோதி சிரிப்பு எதுவும் வைக்கவில்லை.

“அடுத்ததாக, நாம் எல்லோரும் காத்திருந்த ஏற்புரை.”

லக்ஷ்மிகாந்த் எழுந்தார். தாள்களை நீவிக்கொண்டார். எட்டுப் பக்கம்.

“பெருமாள் கிருபையாலே இந்த நாள் வாய்ச்சிருக்கு. முப்பது வருஷம் முன்னாடி, அடியேன் முதல் மேடை ஏறினப்போ கால் நடுங்கித்து.”

இரண்டு வாக்கியம். மூன்றாவதற்கு மூச்சு இழுத்தார். ஜோதி தன் மைக்கை உயர்த்தினாள்.

“பந்தி தயார். எல்லாம் சுடச்சுட இருக்கு. சாப்பிட வாங்கோ.”

அதே ஏற்றம், அதே இறக்கம், ‘ங்கோ’வில் அதே இழுப்பு. புத்தூரில் அவள் வீட்டுப் பக்கம் யாரும் ‘வாங்கோ’ என்பதில்லை. லக்ஷ்மிகாந்தின் தலை வெடுக்கென்று திரும்பியது. அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவள் பார்த்தாள். ஒன்பது வருஷம் இதற்குத்தான்.

நாற்காலிகள் இழுபட்டன. அவர் மனைவி பூமாவே எழுந்துவிட்டார். “சுகர் மாத்திரை போட்டுண்டுட்டேன். நீங்க பேசிட்டு வாங்கோ.” இரண்டு நிமிஷத்தில் மண்டபம் காலி.

முன்வரிசையில் பிச்சை மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போங்கப்பா என்று கண்ணைக் காட்டினாள். அவர் அசையவில்லை. அன்றைக்கும் இப்படித்தான்; ஒருத்தர் பேசும்போது எழுந்தால் மரியாதையில்லை என்கிற மனுஷன். அந்த மரியாதை அவள் காரியத்தைக் கெடுக்கிறதே.

லக்ஷ்மிகாந்த் லேசுப்பட்ட ஆள் இல்லை. மைக்கோடு கீழே இறங்கி வந்து பிச்சையின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு ரசிகர் போதும் அடியேனுக்கு. தாங்கள் யாரோ தெரியலை. சபை மரியாதை தெரிஞ்சவர்.”

பிச்சை கையை உருவிக்கொண்டார்.

“நான் பந்தி ஜோதியோட அப்பன்.”

சாப்பாட்டு ஹாலிலும் ஸ்பீக்கர் உண்டு. அங்கே இலைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள்.

லக்ஷ்மிகாந்த் தாள்களை மடித்தார்.

“மடிக்காதீங்க. படிங்க,” என்றார் பிச்சை. “எம் பொண்ணு அன்னிக்கு ஓடிப் போகலை. வெறும் நாற்காலியைப் பார்த்து முழுசாப் பேசுச்சு. அது மூஞ்சி போன போக்கை நான் ஒருத்தன்தான் உட்கார்ந்து பார்த்தேன். இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்க்கணும். அவசரமில்லை. எனக்கு ரசம் போதும்.”

இப்போது நிறுத்தினால் ஓடிவிட்டார் என்று ஊர் பேசும். உள்ளே கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் மேடைத் தொழில்காரர்கள். லக்ஷ்மிகாந்த் ஜோதியைப் பார்த்தார். மைக்கை அணைத்துவிடேன் என்கிற பார்வை. ஜோதி ஸ்டாண்டைத் தூக்கிவந்து அவருக்கு முன்னால் வைத்து, உயரத்தைச் சரிசெய்து கொடுத்தாள்.

“மேல சொல்லுங்க சார். மூணாவது வாக்கியத்துல விட்டீங்க.”

அவர் படிக்க ஆரம்பித்தார். ஜோதி பழக்கதோஷத்தில் குனிந்து கால்களைப் பார்த்தாள். பிச்சை செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தூரத் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் நீட்டிவைத்திருந்தார்.