கடைசியாக மூடிய ஜன்னல்

சனிக்கிழமை ராத்திரி மரணச் செய்திகளில் செத்துப்போனவராக வாசிக்கப்பட்ட லெய்ட்டன் மக்காவா, திங்கட்கிழமை காலை ஸோம்பா நகர வானொலி நிலையத்துக்குள் நேராக நடந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கொடுத்துவிட்டுப் போனது தம்பியின் சாவுச் செய்தி. அறிவிப்பிலோ செத்தவர் இடத்தில் அண்ணன் பேர் ஏறி, அறிவிக்கிறவர் இடத்துக்குத் தம்பி பேர் போய்விட்டது. கூத்தைக் கேளுங்கள், செத்தவன் உயிரோடிருப்பவனுக்குச் சாவு சொல்லியிருக்கிறான்.

"எழுதினது யாருன்னு தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்," என்றார் மக்காவா.

நிலைய மேலாளர் நன்கோமா அம்மாள் முகம் கடுகடுவென்றிருந்தது. "யாரா இருந்தாலும் இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிடுறேன்," என்றாள். 'யாரா இருந்தாலும்' என்பது வாயில்தான். கண் என்னவோ தியாமிகே மேல்தான் இருந்தது.

மரணச் செய்தியைக் கம்ப்யூட்டரில் அடிப்பது தியாமிகேயின் வேலைதான். ஆனால் சரியாக அடித்தாள், ரெண்டு தடவை படித்தும் பார்த்தாள். சொன்னால் யார் நம்புவது? இந்த வேலையும் போய்விட்டால், சாவில் பேர் மாற்றினவள் என்று ஊரில் எவனும் இன்னொரு வேலை தரமாட்டான்.

அலுவலகத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அவளும், விளம்பரமும் பந்தாட்டச் செய்தியும் எழுதுகிற லிம்பானியும் அதில் மாற்றி மாற்றி உட்காருவார்கள். லிம்பானி இப்போது அதன் முன்னால் புது மாப்பிள்ளை தோரணையில் உட்கார்ந்து, செய்தி அடிக்கிற எடிட்டர் புரோகிராமைத் திறந்து, கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை யாரும் அதைத் தொடவில்லை.

"பாருங்க மேடம். கடைசியா திறந்ததுதான் உச்சியில இருக்கும், உச்சியில மரணச் செய்தி. சாவு யாரு டிபார்ட்மென்ட்? இவளோடது. நான் சனிக்கிழமை நாலு மணிக்கே மைதானத்துக்குப் போயிட்டேன்."

தியாமிகே எட்டிப் பார்த்தாள். மரணச் செய்திக்குக் கீழே சோப்பு விளம்பரம், பந்தாட்டம், சிமென்ட் விளம்பரம். "மரணச் செய்திக்கப்புறம் நான் வானிலை அடிச்சேன், மகளிர் நேரம் அடிச்சேன். அதெல்லாம் எங்க?"

"அழிச்சிருப்ப. அழிச்சிட்டு இங்க வந்து நீலிக் கண்ணீர் வடிக்கிற."

"இவன் சொல்றது சரிதானே?" என்றாள் நன்கோமா.

"கண்ணீரா? எவன் வடிச்சான்?" தியாமிகேயின் குரல் ஏறியது. "இதுல ஒன்னொன்னா எடுக்க முடியாது மேடம். அழிச்சா பட்டியல் மொத்தமும் போயிடும். இந்த லிம்பானி ஐயாவோடது மட்டும் எப்படிக் கொழுகொழுன்னு உக்காந்திருக்கு? எந்திரிடா."

அவன் எழவில்லை. அவள் நாற்காலியோடு அவனைத் தள்ளிவிட்டாள். எடிட்டரை ஒரே நேரத்தில் ரெண்டு ஜன்னலாகத் திறந்தாள். ஒன்றில் வானிலையைத் திறந்து மூடினாள். பிறகு மற்றதில் சோப்பு விளம்பரத்தைத் திறந்து மூடினாள். திரும்ப எடிட்டரைத் திறந்து பட்டியலைக் காட்டினாள். வானிலை அதில் இல்லை.

"மூடும்போதுதான் ஒவ்வொரு ஜன்னலும் தன் பட்டியலை எழுதும். கடைசியா மூடுறது, முன்னால மூடினது எழுதினதைத் தின்னுடும். இவன் எப்பவும் தன் ஜன்னலைத் திறந்து போட்டுட்டுப் போவான், நான் எனக்குத் தனியா ஒன்னு திறப்பேன். அஞ்சு மணிக்கு மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இந்தப் பட்டியல் இவன் ஜன்னலோடது மேடம். எனக்கப்புறம் வந்து மூடியிருக்கான். அதுவும் மரணச் செய்தியைத் திறந்து பாத்துட்டு."

லிம்பானி ஒப்புக்கொண்டான். "ஆட்டம் முடிஞ்சு வந்தேன். வாக்கியம் கோணலா இருந்துச்சு, கொஞ்சம் சரி பண்ணினேன். பேர் மாறினதைக் கவனிக்கல."

"கவனிக்காதவனுக்குத்தான் என்னைப் பழி சொல்ல வாய் வந்துச்சா?"

"பெட்டியைக் கட்டு," என்றாள் நன்கோமா அவனிடம்.

"மேடம், என்னைச் சந்தேகப்பட்டதுக்கு எங்கிட்ட ஒன்னும் சொல்லலையே," என்றாள் தியாமிகே.

"உன் வேலைதான் இருக்கே, இன்னும் என்ன?" அவள் மக்காவா பக்கம் திரும்பினாள். "ஆள் சிக்கிட்டான், விஷயம் தீர்ந்துச்சு. இன்னிக்கு ராத்திரி மன்னிப்பு கேட்டு, உங்க தம்பி செய்தியைக் காசில்லாம வாசிச்சிடுறோம்."

மக்காவா எழுந்தார்.

"எதும்மா தீர்ந்துச்சு? ரேடியோவைக் கேட்டுட்டு ஊர் மொத்தமும் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற மாவும் விறகும் சுமந்துக்கிட்டு இங்க என் வீட்டு வாசல்ல வந்து அழுதுச்சு. தம்பி வீடு அங்க முலாஞ்சேயில. நான் பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து ஆள் வருமா வருமான்னு பாதையையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தர் வரல. நேத்து குழி வெட்டினவங்களும் நானும்தான் அவனை இறக்கினோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, என்னை உயிரோட பாத்த சந்தோஷத்துல எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, மாவைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

தியாமிகே லிம்பானியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்த சூடு அவள் முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

"இன்னிக்கு ராத்திரி வாசிக்கிறீங்களா?" என்றார் மக்காவா. "வாசிச்சு யாரைக் கூப்பிடப் போறீங்க?"