காற்றுக்கு விட்ட கிரேன்

1

இந்தக் கதை என் ஜன்னலில் தொடங்கியது. எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதன் நடுவே உயரமான ஒரு கிரேன். ஒரு நாள் அதன் கூண்டில் ஆளே இல்லை. ஆனாலும் கிரேனின் நீண்ட கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்து வளர்ந்தவன் நான். உடனே உட்கார்ந்து எழுதினேன்:

‘அந்த நகரத்தில் ஓர் இயந்திரம் கனவு காணத் தொடங்கியபோது –’

(அடித்துவிட்டேன்.)

கீழே போய் வாட்ச்மேனிடம் கேட்டேன். “காத்துதாங்க,” என்றார். “ஓட்டுறவரு லீவு. குழந்தை பொறந்திருக்கு.”

“அவருக்கா?”

“பின்ன, கிரேனுக்கா?”

2

ஆக, கதாநாயகன் கிரேன் ஓட்டுபவன். காலையில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான் என்பதால் சைட்டில் அவனுக்கு ‘மேல்வீடு’ என்று பெயர். மனைவிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு சில வாரங்களுக்கு அவள் ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது.

(முதல் வரைவில் ஒரு மாமியார் இருந்தார். அவர் பையோடு வந்து இறங்கியதும் சிக்கல் தீர்ந்து கதை முடிந்துவிட்டது. ஆகவே அவரைத் திருப்பி அனுப்பினேன். மன்னிக்க வேண்டும், அத்தை.)

மேல்வீடு இன்ஜினியரிடம் போனான்.

“பொண்டாட்டிக்குத்தானேப்பா பிரசவம்? உனக்கு எதுக்கு லீவு?”

“அப்பாவுக்கும் உண்டுன்னு கம்பெனி ரூல்ல இருக்கு சார்.”

“ரூல்ல எவ்வளவோ இருக்கும். நீ கிரேன்ல இரு.”

“அவளால எழுந்திருக்க முடியாது சார்.”

“நீ போய் என்ன பண்ணப் போற? பாலா குடுக்கப் போற?”

“துணி தொவைப்பேன் சார்.”

அந்த சைட்டில் இதற்கு முன் யாரும் இந்த லீவைக் கேட்டதில்லை. இன்ஜினியர் சொன்னார்: “போ. ஆனா கிரேன் சும்மா நிக்காது. வேற ஆள் கெடைச்சா ஏத்திடுவேன். திரும்பி வந்தா உனக்குக் கீழதான் வேலை, கம்பி தூக்கணும்.”

3

இந்த இன்ஜினியர் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வில்லனாகத்தான் எழுதத் தொடங்கினேன், கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றினேன். தன் மகள் பிறந்த அன்று அவர் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். தளம் நன்றாக வந்தது. இன்றும் மகள் அவரைக் கண்டால் ‘வாங்க’ என்கிறாள், விருந்தாளியை அழைப்பதுபோல.

(இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் இட்டுக்கட்டினேன். எனக்கும் மனசு கேட்கவில்லை.)

4

அன்று மாலை மேல்வீடு, கிரேனின் கையிலிருந்து தொங்கும், பாரம் தூக்கும் கொக்கியை உச்சிவரை ஏற்றினான். கிரேனின் கை திரும்பாமல் பிடிக்கும் பிரேக்கை விடுவித்தான். வேலை முடிந்து இறங்கும்போது கிரேனின் கையை இறுக்கிப் பூட்டக் கூடாது. காற்று போகிற பக்கம் அது தானாகத் திரும்ப வேண்டும். பூட்டிவிட்டால் பெருங்காற்றில் கிரேனே சாய்ந்துவிடும்.

இங்கே ஓர் அருமையான உவமை எனக்காகக் காத்திருந்தது. மனிதனும் ஒரு வகையில் –

(வேண்டாம்.)

5

பெண் குழந்தை. வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மேல்வீடு துணி துவைத்தான், சோறு வடித்தான், குழந்தையை முதன்முதலாகத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டான். இத்தனை லேசான பாரத்தை அவன் தூக்கியதே இல்லை.

மனைவி கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(அவர்கள் வீட்டிலிருந்து கிரேன் தெரியாது. கதைக்காக வீட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். வாடகை ஏறவில்லை.)

“என்னங்க, உங்க கிரேன் சுத்துது.”

அவன் ஈரத்துணியோடு வந்து நின்றான்.

“காத்தும்மா.”

“ஆள் போட்டுட்டாங்களோ என்னவோ.”

“காத்துதான்.”

“எப்படித் தெரியும்?”

“கொக்கியைப் பாரு. காத்து கையைத் திருப்பும். கொக்கியை எறக்காது.”

இருவரும் கொக்கியைப் பார்த்தார்கள். அது உச்சியிலேயே இருந்தது. கிரேனின் கை திரும்பிக்கொண்டே இருந்தது.

“எறங்கினா?”

“எறங்கினா கம்பி தூக்குவேன்.”

“உங்க முதுகுக்கு ஆகாதே.”

“லீவு எடுத்தவனைக் கீழ் வேலைக்கு எறக்கக் கூடாதுன்னும் ரூல்ல இருக்கு. கேஸ் போடலாம்.”

“போடுவீங்களா?”

“மொதல்ல துணியைக் காயப்போடுறேன்.”

6

இதற்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்றில் கொக்கி இறங்குகிறது. அவன் கேஸ் போடுகிறான், ஜெயிக்கிறான். தீர்ப்பை மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறாள்.

இன்னொன்றில் கொக்கி இறங்கவே இல்லை. லீவு முடிந்து அவன் போகிறான். “வந்துட்டியா, ஏறு,” என்கிறார் இன்ஜினியர். பிறகு, ஏதோ கேட்க மறந்தவர்போல, அண்ணாந்து “குழந்தை யாரு ஜாடை?” என்று கத்துகிறார். அதற்குள் அவன் பாதி உயரம் போய்விட்டான், காதில் விழவில்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கொக்கியைப் பார்த்தபடி அவன் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் குழந்தை அழுகிறது. மனைவி எழப் பார்க்கிறாள், தையல் இழுக்கிறது. “நீ இரு,” என்று அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறான்.

கொக்கி இறங்குகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் என் ஜன்னலுக்கு வாருங்கள், இடம் விடுகிறேன். பார்த்துவிட்டு அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இப்போது மட்டும் கூப்பிடாதீர்கள். அவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது.