இன்னொரு தபா அறுக்க வேணாம்

என் அக்கா மரியம்மாளின் ஓய்வூதிய மேல்முறையீட்டையும் ராணுவத்தில் தள்ளிவிட்டார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்கு எடுத்துப்போனோம். செயலாளர் திருஞானசம்பந்தம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்காத எவனோ ஒரு அதிகாரி, அவர் எதனால் செத்தார் என்று எங்களுக்கே சொல்கிறான்!

அக்காவின் கணவர் ஜெபகுமார் மாமாவுக்கு எல்லையில் குண்டுச் சிதறல் மண்டைக்குள் போய்விட்டது. மூன்று முறை திறந்து பார்த்தும் எடுக்க முடியவில்லை. ஊனமுற்றவர் என்று ஓய்வூதியம் கொடுத்து காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். வலிப்பும் கூடவே வந்தது. போன ஐப்பசியில் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அக்காவுக்கு இப்போது வருவது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். அதோடு பட்டுக்கடையில் புடவை மடிக்கிற சம்பளமும் சேர்ந்தால் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகிறது. போர்க்காயத்தால்தான் செத்தார் என்று ஒப்புக்கொண்டால் கூடுதலாக வரும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் கலையரசி கட்டணம் கட்டி நர்சிங் படிப்பை முடித்துவிடுவாள்.

"சர்டிபிகேட்ல ஹார்ட் அட்டாக்னு இருக்குதும்மா. காயத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லன்றான். போஸ்ட்மார்ட்டம் பண்ணியிருந்தா..." என்று இழுத்தார் செயலாளர்.

பண்ணவில்லை. அன்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். அக்கா அவர் காலில் விழுந்துவிட்டாள். "அவர இன்னொரு தபா அறுக்க வேணாம் சார். ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று கதறினாள். பாதிரியார் முதல் தெருக்காரர்கள் வரை அவளை மெச்சினார்கள். நானும்தான்.

அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: "இப்ப கல்லறையிலேர்ந்து தோண்டி எடுத்துப் பாத்தா ஒத்துப்பாங்களாண்ணே?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கோர்ட்டுல கேக்கலாம். ஆனா அந்த இரும்பு மட்டும்தாம்மா கெடைக்கும். அது உள்ள இருந்தது அவங்களுக்கே தெரியும். அதுதான் கொன்னுச்சுன்னு காட்ட மூளை வேணும். அது இந்நேரம் இருக்காது."

அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. பாவம், உள்ளதைத்தான் சொன்னார்.

ரங்கசாமி குளம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றோம். கலையரசி போன் செய்தாள். அக்கா எடுக்கவில்லை.

"அன்னிக்கு அறுக்க விட்டிருக்கணும்டி" என்றாள். "அவருக்கு வலிக்கவா போவுது?"

மாமாவைப் பற்றி அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"ஹாஸ்டல்லேர்ந்து துணிமணியெல்லாம் எடுத்துக்கினு வந்துடும்மா" என்றாள்.