வலிக்காத தோள்

தயாளனுக்குத் தோளில் கீஹோல் ஆப்பரேஷன் முடிந்து ஏழு நாள் ஆகியும் வலிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதன் கதிகலங்கிப் போயிருந்தான்.

காரணம் கார்த்திகேசு. பிறை ஊரின் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் வயர்மேன்கள். இருபது வருஷமாகக் கையைத் தூக்கியபடியே கூரையில் கேபிள் இழுப்பவர்கள். போன வருஷம் கார்த்திகேசுவுக்கும் இதே தசைநார் கிழிசல், இதே டாக்டர் ஹாஃபிஸ். மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடந்து தயாளனின் ஜார்ஜ் டவுன் வீட்டுக்குப் பார்க்க வந்த கார்த்திகேசு, ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தார்.

"எலும்புல நாலு ஸ்குரு முடுக்கி, நாரை இழுத்து வச்சுத் தைப்பாங்க தம்பி. ரெண்டு வாரம் நாற்காலியிலதான் தூங்கினேன். உயிர் போயிருச்சு லா. உனக்கு எப்படி?"

"வலியே இல்லண்ணே."

கார்த்திகேசுவின் முகம் ஒரு விநாடி மாறியது. "நல்லதுதானே," என்று பேச்சைத் திருப்பிவிட்டார். அந்த ஒரு விநாடி போதாதா? நாரைத் தைத்திருந்தால் வலித்திருக்க வேண்டுமே என்று தயாளன் கணக்குப் போட்டான்.

மனைவி பிரமிளாவோ, வந்தவர் போனவரிடமெல்லாம், "இவருக்கு வலியே இல்லீங்க, முருகன் புண்ணியம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம்தான் இடத்தைப் பிடித்து வைக்க முடியும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். கையைத் தூக்க முடியாத வயர்மேனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கொஞ்சமாவது வலிக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டான். இப்படியொரு வேண்டுதலைப் பினாங்கில் எந்தச் சாமி கேட்டிருக்கும்?

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனார்கள். எத்தனை ஸ்குரு போட்டீர்கள் என்று டாக்டரிடம் மலாயில் கேட்டான்.

ஹாஃபிஸ் பிரமிளாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஒன்றுகூட இல்லை. கிழிசல் மிகப் பழசு. நார் உள்ளே சுருங்கிப்போய், இழுத்தாலும் எலும்புக்கு எட்டவில்லை. வலுக்கட்டாயமாக இழுத்துத் தைத்தால் வலியும் கொல்லும், தையலும் பிய்ந்துவிடும். அதனால் பிசிறுகளைச் சுத்தம் செய்து, வலிக்குக் காரணமாயிருந்த இன்னொரு நாரை அறுத்துவிட்டு, அத்தோடு மூடிவிட்டாராம். இனி வலி அவ்வளவாக இருக்காது. கை தோள் உயரம் வரை வரும். அதற்கு மேல் வராது. இதையெல்லாம் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

லிப்ட் வாசலில் தயாளன் நின்றுவிட்டான்.

"ஏன்டி சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? கேட்டா இடிஞ்சு போயிருவீங்க. தையல் பிரிக்கிற வரைக்குமாச்சும் மனுஷன் நிம்மதியா தூங்கட்டுமேன்னுதான்..."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

"ஒருநாளும் தூங்கல, பிரமி," என்றான். "வலிச்சிருந்தா தூங்கியிருப்பேன்."