சத்தம் போடாத டிரைவ்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கீத்துக்கு மறதி நோய் வந்து இரண்டாவது வருடம். மனைவி நோரீனின் பெயர் சில நாள் நினைவில் வரும், சில நாள் வராது. ஆனால் மாடியறையில் இருக்கும் பழைய அமீகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கார்ப் பந்தய விளையாட்டில் கை தானாக ஓடும். அந்த நேரத்தில்தான் நோரீன் துணி துவைப்பார், போன் பேசுவார், சில சமயம் கொஞ்சம் அழுவார்.

பிப்ரவரியில் அதன் ஃப்ளாப்பி டிரைவ் செத்துப்போனது. கீத்தின் தம்பி டெரன்ஸ் அதைக் கழற்றிவிட்டு, பென்டிரைவ் செருகுகிற புதுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்.

"இனிமே டிஸ்க் கெட்டுப்போற பேச்சே இல்ல அண்ணி. சத்தமும் கிடையாது."

திரையில் கார்கள் வந்து நின்றன. கீத் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார்.

"இது ஓடலியே."

"ஓடுதுண்ணே, பாரு."

"யாரோ மாத்திட்டாங்க. இது என்னுது இல்ல."

எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அன்று முழுக்க, சொந்த வீட்டுக்குள்ளேயே, "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நோரீன் டெரன்ஸுக்கு போன் செய்தார். "பழைய மாதிரி டிரைவே வேணும்."

"முப்பது வருஷமா அந்தச் சத்தத்தைத் திட்டினது நீங்கதானே அண்ணி? கல்லு உடைக்கிற மிஷின்னு?"

"நான்தான் திட்டினேன். இப்ப நானே கேக்கறேன். தேடிப் பிடி."

லீட்ஸில் ஒருவர் உடைந்த அமீகாவிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை டெரன்ஸ் அதைக் கொண்டுவந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் திருகாணிகளைக் கழற்றி, பட்டை வயரைச் செருகியது நோரீன்தான். சுவிட்சைப் போட்டதும் டிரைவின் விளக்கு எரிந்தது; அணையவே இல்லை.

"வயரைத் தலைகீழா மாட்டிட்டீங்க."

"கண்ணாடி இல்லாத ஆளு வாயைக் காட்டாத."

அணைத்து, திருப்பி மாட்டி, மறுபடி போட்டார். டக். சற்று இடைவெளி. டக். உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று டிரைவ் தடவிப் பார்க்கிற சத்தம்.

கீழே இருந்த கீத் படியேறி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் டிஸ்க்கை எடுத்துச் செருகினார். டிரைவ் கரகரவென அரைக்கத் தொடங்கியது. உடனே அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

"போச்சு," என்றார் நோரீன்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம். பிறகு கெட்டில் இரைந்தது. பின்னாலேயே ஓடப்போன டெரன்ஸின் கையை நோரீன் பிடித்து நிறுத்தினார். விளையாட்டு லோடாகிற நேரத்தில் கீத் டீ போட்டு எடுத்துவருவது வழக்கம். கடைசியாக எப்போது கொண்டுவந்தார் என்பது நோரீனுக்கே மறந்துபோயிருந்தது. படி உச்சியில் போய் நின்றார்.

கீத் ஒரே ஒரு கோப்பையோடு மெதுவாக ஏறி வந்தார்.

"இந்தா நோரீன் கண்ணு. ஆறிடப்போகுது."

டெரன்ஸ் எட்டிப் பார்த்தார். வெந்நீரும் பாலும் மட்டும். "அண்ணி, இதுல டீயே..."

"பேசாம இரு."

நோரீன் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கார்கள் வரிசையில் வந்து நின்றன. டெரன்ஸ் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அலமாரிக்குள் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தேட ஆரம்பித்தார்.