வீட்டைப் பிடித்து வைத்த கடல்

மகன் போன கப்பலிலிருந்து தகவல் நின்றுபோன மழைக்காலத்தில் பிளம்பரின் வீடு தரையை விட்டு எழும்பத் தொடங்கியது. முதலில் ஒரு விரற்கடைதான் எழும்பியது. வேறு யார் வீடாக இருந்தாலும் லேசில் கண்ணில் பட்டிருக்காது. பிளம்பர் வீடு என்பதால் பட்டுவிட்டது. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் ஏறும் இணைப்பு பிய்த்துக்கொண்டு தண்ணீர் வாசலில் ஓடியது. வீடு எழும்பியதைவிடத் தன் கையால் போட்ட இணைப்பு விட்டுப்போனதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம். ஒரு துண்டுக் குழாய் சேர்த்து ஒட்டினார். அடுத்த மாதம் அதுவும் பிய்ந்தது. குனிந்து பார்த்தால் சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. தெருநாய் ஒன்று அந்தச் சந்தில் மூக்கை மட்டும் நுழைத்துப் படுத்திருந்தது. வருஷம் திரும்புவதற்குள் முழு நாயும் கால் நீட்டிப் படுக்க உள்ளே இடம் கிடைத்துவிட்டது.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் ஆயிரம் ஓட்டை. பக்கத்து வீட்டு வெல்டர் மட்டும் சங்கிலி போட்டுக் கட்டிப் பார்த்தார். சங்கிலி அறுந்துபோகவில்லை, அதைக் கட்டியிருந்த இரும்பு முளைதான் முள்ளங்கி போலப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வரி அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, அனுமதி வாங்காமல் மாடி கட்டியதாக எழுதிக்கொண்டு போனார். கீழ்வீடு எங்கே என்று கேட்டதற்கு, அது தன் வேலையில்லை என்றார்.

பிளம்பரின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு, எடுக்க ஆளில்லாமல் ஓய்ந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, தெரு பார்த்த ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். கப்பல் மூழ்கியது என்று சொல்லவும் ஆளில்லை, மிதக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்று பிளம்பர் ஒருமுறை வாயெடுத்தார். மகனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான் என்று அவள் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீடு உயர உயர அவர் வாசலில் படி கட்டிக்கொண்டே போனார். இடித்த கட்டிடங்களிலிருந்து செங்கல் சும்மா கிடைத்தது.

"நீங்க பாட்டுக்குப் படி கட்டுங்க. வீடு பாட்டுக்குப் போகட்டும்" என்றாள். "ஒருநாள் அவன் வந்து நிக்கறப்போ வாசக்கதவு பறவைக்குத்தான் எட்டும்."

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பொருள் எழும்பினால் மேலே கனத்தை ஏற்ற வேண்டும். கனங்களிலெல்லாம் மலிவானது தண்ணீர். மொட்டைமாடித் தொட்டிகள் கூரையைப் பிளந்ததை அவர் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். நடுவறை முழுக்க ஒரு தொட்டி கட்டுவதாகச் சொன்னபோது மனைவி ஜன்னலிலிருந்து திரும்பாமலே, சும்மா தண்ணீரைத் தேக்கிக் கொசு வளர்க்கப் போகிறீர்களா, வைத்தால் ஏதாவது உயிர் இருக்கட்டும் என்றாள். அவர் நேராக வளர்ப்பு மீன் விற்கும் மீன்கடைக்காரரிடம் போய், எந்தத் தண்ணீருக்குக் கனம் அதிகம் என்று கேட்டார். முப்பது வருஷக் கடையில் அப்படியொரு கேள்வியை மீன்கடைக்காரர் கேட்டதில்லை. கடல் தண்ணீருக்குத்தான் என்றார். அதில் பவளத்திட்டு வைத்தால் கல்லின் கனமும் சேரும் என்றார். பணக்காரர்கள் விளையாட்டு அது என்றும் எச்சரித்தார்.

பிளம்பர் அதை ஏழை விளையாட்டாக ஆக்கினார். மூடிப்போன துணிக்கடையின் முகப்புக் கண்ணாடியை, அந்தக் கடையின் கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுத்த கூலிக்குப் பதிலாக வாங்கி வந்தார். வெல்டர், உடைசலுக்குப் போன பஸ் ஒன்றின் சட்டத்தை அறுத்துத் தாங்கி அடித்துக் கொடுத்தார். விளக்கு, விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய நீல விளக்கு. கண்ணாடியை ஒட்டும் பசை ஒன்றுதான் புதுசு. கல்லுக்கு, ஓட்டை ஓட்டையாக அரித்த பழைய சுண்ணாம்புக் கற்களைப் பொறுக்கி, பொறுமையாகக் கழுவி அடுக்கினார். மீன்கடைக்காரர் தன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி உயிர்க்கல்லை ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, அது ஒன்று போதும், மற்ற கல்லெல்லாம் தானாக உயிர் பிடிக்கும் என்றார். கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்கத் தயங்கிச் சமையல் உப்பு ஆகாதா என்று பிளம்பர் இழுத்தபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "சமையல் உப்பு போட்டீங்கன்னா மீன் வளராது. கருவாடு வளரும்."

குழாய் வேலையில் மட்டும் பிளம்பர் யார் பேச்சையும் கேட்கவில்லை. எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும் என்று மீன்கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் பம்பில் சுற்றிவரும் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் வாயில் பிளம்பர் ஒரு பித்தளை வால்வைப் பொருத்தினார். இடித்த ஓட்டலிலிருந்து கொண்டுவந்து, வருஷக்கணக்காகத் துணியில் சுற்றி வைத்திருந்த வால்வு. தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தார். பிளாஸ்டிக் கைவிட்டுவிடும், பித்தளை பேரன் காலம்வரை நிற்கும் என்றார். பேரன் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகு அவர் ஏற்கெனவே பளபளத்த வால்வை மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

தண்ணீர் நிரப்பும் நாளில் வெல்டர் வாளி தூக்க வந்தார். சும்மா இருக்கத் தெரியாத வாய். "ஏண்ணே, வீட்டுக்குள்ளயே கடல் கட்டியாச்சு. கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று உறைத்து, வாளியும் கையுமாக நின்றுவிட்டார்.

"வரும்" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. "நீங்க தண்ணிய ஊத்துங்க தம்பி."

ஊற்றினார்கள். வீடு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. யானைக் கனம் உள்ளே நிற்க, வீடு முன்போலவே மாதம் ஒரு விரற்கடை எழும்பியது. அனுபவத்துக்கு மீறிய இந்த அவமானத்தில் பிளம்பர் வாசல் பக்கம் வராமல் தொட்டியையே சுற்றிவந்தார். கல்லில் உயிர் பிடித்துத் தண்ணீர் பழுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று மீன்கடைக்காரர் சொன்னார். வெறும் கல்லையும் நீல வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு பருவம் போனது. கல்மேல் பழுப்பாகப் பாசி படர்ந்தது, பிறகு பச்சையானது. அதை மேய மீன்கடையிலிருந்து நத்தைகள் வந்தன. நத்தைகள் வந்த வாரம் வீடு நின்றது. மீன்கடையில் உடைந்து விழுந்து, விற்க முடியாமல் ஒதுக்கிய பவளத் துண்டுகளைப் பிளம்பர் கொண்டுவந்து கல்லில் ஒட்டினார், கூடவே நாலு இறாலும் மீனும் விட்டார். ஒரு காலையில் பவளத்தில் ஒன்று பூப்போல வாய் திறந்தது. அன்றைக்கு வீடு ஒரு விரற்கடை இறங்கியது. குழாய் வளைந்து நெளிந்ததைப் பார்த்துத்தான் பிளம்பர் கண்டுபிடித்தார். உப்பின் கனம் இறங்க நேரம் எடுக்கும்போல என்று சொல்லிக்கொண்டார். அவர் மனைவி நாற்காலியை ஜன்னலிலிருந்து பாதித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அது நீடிக்கவில்லை. பவளங்கள் ஒவ்வொன்றாக வாயை மூடின. இறால்கள் மல்லாந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீரில் ஒரு சொட்டும் குறையவில்லை, கல் ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் வீடு இதுவரை இல்லாத வேகத்தில் எழும்பியது. தெருக்குழாய் இணைப்பு வாரத்துக்கு ஒருமுறை பிய்ந்தது. வெல்டர் இப்போது பேசும்போது அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. படிக்குச் செங்கல் தீர்ந்து, பிளம்பர் ஏணி வைத்தார்.

தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் மனைவிதான். உயிரோடிருந்த நத்தைகள் எல்லாம் ஒரே மூலையில், நீர்மட்டத்துக்கும் மேலே ஏறிக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அந்த மூலைக்கு நேர் எதிர் மூலையில் பித்தளை வால்வு பளபளத்தது.

"ஏங்க, அந்த வால்வைக் கழட்டுங்க."

"என் கைவேலையில குத்தம் சொல்றியா?"

"நத்தை சொல்லுது. நான் சொல்லல."

"இருவத்தஞ்சு வருஷமா பித்தளை போடறேன். ஒரு வீட்டுல கசிஞ்சதில்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவனைக் கப்பலுக்கு அனுப்பறப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. நான் பாத்து வெச்ச எடம், ஒரு குத்தமும் வராதுன்னு."

பிளம்பர் ஏணியில் இறங்கி மீன்கடைக்குப் போனார். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே, செம்பு ஊறிய தண்ணீரில் மீன் தாக்குப்பிடிக்கும், பவளமும் இறாலும் நத்தையும் நிற்காது என்று மீன்கடைக்காரர் சொன்னார். இதைக் கேட்க இத்தனை நாளா என்பதுபோல் பார்த்தார். திரும்பி வந்தபோது வீட்டு வாசலுக்கு ஏணியின் கடைசிப் படியிலிருந்து தொற்றித்தான் ஏற வேண்டியிருந்தது. அவர் ரம்பத்தை எடுத்து, வால்வை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். அறுத்த வால்வை அவள் மடியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, "நான்தான்" என்றார். அவள் வால்வை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டாள். அது விழுந்த சத்தம் வர நேரமானது.

தண்ணீரை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள், கரியில் வடிகட்டினார்கள். செத்ததென்று நினைத்த பவளத்தின் அடியில் கடுகளவு உயிர் ஒளிந்திருந்தது. இந்த முறை அதை அவள் பார்த்துக்கொண்டாள். தீனி, உப்பு, வெளிச்சம் எல்லாம் அவள் கணக்கு. பிளம்பர், அவள் சொன்னதைச் செய்கிற ஆளாக நின்றார். கடுகு மிளகாகி, மிளகு விரல் நுனியாகிற வேகத்தில் வீடு இறங்கியது. ஏணி போனது. இறங்க இறங்கப் படிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உடைத்தெடுத்தார். நாய் முதலில் காலை மடக்கியது, பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டது. வருஷங்கள் போயின. அவள் சலவைக்கூட வேலைக்குத் திரும்பினாள், சாயங்காலம் பவளத்துக்குத் தீனி வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவாள்.

ஒரு படி உயரத்தில் வீடு நின்றுவிட்டது. அதற்குமேல் இறங்கவில்லை. இன்னும் ரெண்டு மீனை விட்டால் தரையோடு ஒட்டிவிடும் என்று வெல்டர் யோசனை சொன்னார்.

"வேணாம் தம்பி" என்றாள். "அது அவன் எடம்."

அந்த ஒரு படி இன்றும் இருக்கிறது. தபால்காரர் கீழே பார்க்காமலே அங்கே காலைத் தூக்கி வைக்கிறார். மாடி வரி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பிளம்பர் இப்போது குழாய் வேலைக்கு அதிகம் போவதில்லை. தெருக்குழாயிலிருந்து தன் வீட்டுக்கு ஏறும் இடத்தில் மட்டும் அவர் பைப்பும் போடவில்லை, பசையும் போடவில்லை. வளையும் ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, ஒரு படி அளவு வீடு சட்டென்று இறங்கினாலும் மடங்காதபடி, அதற்கேற்ற அகல வளைவு விட்டு வைத்திருக்கிறார். வெயிலில் ரப்பர் வெடித்துப்போகும்போதெல்லாம் புதுசு மாற்றுகிறார்.